ரப்பர் இலையில் ஒரு படச்சட்டம்: கிம்ப் மென்பொருளில் சொந்தமாக அலங்காரச் சட்டம் செய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் ஒளிநகல் கடைக்குப் பழைய படங்களைக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சாயலுள்ள படத்தைத்தான் கொண்டு வருகிறார்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, அசைந்துவிட்டதால் முகம் கலைந்துபோன ஒரு பிள்ளை. ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயங்களும் இடிக்கப்பட்ட பிறகு அந்த வாசல் இருந்ததற்குச் சாட்சி அந்தப் படம் மட்டும்தான். அதைப் பெரிதாக்கித் தரச் சொல்கிறவர்கள், "சுத்தி ஒரு பிரேமும் போட்டுக் குடுங்க" என்று தவறாமல் சேர்த்துக் கேட்கிறார்கள். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டங்களோ ரோஜாப்பூவும் தங்க நிறச் சுருளுமாக இருக்கின்றன. அவற்றுள் பல காப்புரிமை உள்ளவை, விற்பனைக்குப் பயன்படுத்த அனுமதி இல்லாதவை. அப்படியே அனுமதி இருந்தாலும், லயத்து வாசலைச் சுற்றி ஐரோப்பிய மாளிகையின் சுருள்வேலை எதற்கு?

ஆகவே, சட்டத்தை நாமே செய்துகொள்வது நல்லது. பட மென்பொருளை இதுவரை தொடாதவர்களுக்கும் புரியும்படி, ஒரே ஒரு சட்டத்தைத் தொடக்கம் முதல் அச்சு வரை செய்து காட்டுகிறேன். நான் பயன்படுத்துவது கிம்ப் என்னும் இலவச மென்பொருள். அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வேறு தளங்கள் தேவையற்றதைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. பழைய கணினியில் 2018இல் வந்த 2.10 வரிசை இருந்தாலும் கீழே சொல்லும் அனைத்தும் நடக்கும், ஓரிரு கட்டளைகள் மட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம், ஏனெனில் அடுக்குகள், தேர்வு, மறைப்பு ஆகிய மூன்றும் எல்லா மென்பொருளிலும் ஒன்றுதான்.

அளவு முதலில், அழகு பிறகு

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கையில் கிடைத்த படத்தைத் திறந்து அதைச் சுற்றி வரையத் தொடங்குவது. அடுத்த படம் வேறு அளவில் வந்ததும் அந்தச் சட்டம் உதவாமல் போய்விடும். சட்டத்தை நடுவில் துளையுள்ள தனிக் கோப்பாக, அச்சுத்தாளின் உண்மையான அளவில் செய்துவைத்தால், அதன் அடியில் எந்தப் படத்தையும் மாற்றி மாற்றி வைக்கலாம். எனவே தாளின் அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் நாட்டுப் படக்கடைகளில் வழங்கும் அளவுகள் எல்லாம் அங்குலக் கணக்கில் வந்தவை. 3ஆர் என்பது மூன்றரைக்கு 5 அங்குலம், 4ஆர் 4க்கு 6, 5ஆர் 5க்கு 7, 8ஆர் 8க்கு 10. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், அதாவது 300 படப்புள்ளிகள், என்பது வழக்கமான கணக்கு; இதைத்தான் அடர்த்தி என்கிறோம். அதன்படி 5ஆர் தாள் 1500க்கு 2100 பிக்சல். நான் புதியவர்களுக்கு எப்போதும் 5ஆரையே பரிந்துரைக்கிறேன். காரணம் இதுதான்: 5ஆர் தாளில் நான்கு பக்கமும் அரை அங்குலம், அதாவது 150 பிக்சல், சட்டத்துக்கு ஒதுக்கினால் நடுவில் மிஞ்சும் துளை 1200க்கு 1800 ஆகும். அது 4ஆர் படத்தின் அளவேதான். வீட்டு ஆல்பத்தில் இருக்கும் 4ஆர் படத்தை 300 அடர்த்தியில் ஸ்கேன் செய்து வைத்தால், யாருடைய தலையையும் காலையும் வெட்டாமல் துளைக்குள் அப்படியே பொருந்தும்.

அந்த அரை அங்குலத்தில் இன்னொரு வசதியும் அடங்கியிருக்கிறது. சட்டத்தின் கரையில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வர வேண்டுமென்றால், கரையின் நீளம் அந்த உருவத்தின் அகலத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையேல் மூலைக்கு வரும்போது பாதி இலை வெட்டுப்பட்டு நிற்கும். தாள் அளவுகள் அனைத்தும் முழு அங்குலத்திலோ அரை அங்குலத்திலோ இருப்பதால், 150 பிக்சல் சதுரத் துண்டு எந்தத் தாளிலும் மீதி வைக்காது. நான்கு மூலைகளுக்கு நான்கு துண்டுகள் போக, 5ஆரின் மேல்கரையில் 8, பக்கக் கரையில் 12 துண்டுகள் வரும். 4ஆரில் 6, 10. 3ஆரில் 5, 8. 8ஆரில் 14, 18. ஒருமுறை செய்த துண்டை எல்லா அளவுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். சேலைக்குக் கரை நெய்கிறவர்கள் இழைகளை எண்ணி வைத்துக்கொள்வது போல, இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

வெற்றுத் தாளைத் திறத்தல்

'ஃபைல்' பட்டியலில் 'நியூ' என்பதை அழுத்தி, அகலம் 1500, உயரம் 2100 என்று கொடுங்கள். அதே பெட்டியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதை விரித்தால் அடர்த்திக்கான இரண்டு இடங்கள் இருக்கும்; இரண்டிலும் 300 இட்டு, 'ஃபில் வித்' என்ற இடத்தில் 'டிரான்ஸ்பரன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறச் சதுரங்கக் கட்டங்களாகத் தெரியும் ஒரு பரப்பு திறக்கும். கட்டங்கள் தெரிந்தால் அங்கே எதுவும் இல்லை, அடியில் இருப்பது தெரியும் என்று பொருள். அது அச்சில் வராது; பலர் அதைப் பார்த்துப் பயந்து வெள்ளை நிறத்தை ஊற்றிவிடுகிறார்கள்.

அடுத்து வழிகாட்டிக் கோடுகள். 'இமேஜ்' பட்டியலில் 'கைட்ஸ்' என்பதன் உள்ளே 'நியூ கைட்' இருக்கும். கிடைக்கோடுகள் 150இலும் 1950இலும், நிலைக்கோடுகள் 150இலும் 1350இலும் வர வேண்டும். 'வியூ' பட்டியலில் 'ஸ்நாப் டு கைட்ஸ்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் நகர்த்தும் பொருள் கோட்டருகே வந்ததும் காந்தம்போல் ஒட்டிக்கொள்ளும், கண்மதிப்பில் தடுமாற வேண்டியதில்லை.

அடித்தளமும் துளையும்

அடுக்கு ('லேயர்') என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது. புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதற்கு 'அடி' என்று பெயரிட்டு, ஒரே நிறத்தால் நிரப்புங்கள். நிறத்தை நீங்களாகக் கற்பனை செய்யாமல், வைக்கப்போகும் படத்திலிருந்தே எடுப்பது என் வழக்கம். கறுப்பு வெள்ளைப் படம் என்று நாம் சொல்வது உண்மையில் கறுப்பும் அல்ல, வெள்ளையும் அல்ல. காலப்போக்கில் தேநீர் நிறம் ஏறியிருக்கும். நிறம் எடுக்கும் குழாயால் படத்தின் நிழற்பகுதியைத் தொட்டு, கிடைத்த பழுப்பைச் சற்றே இருட்டாக்கி அடித்தளத்துக்குக் கொடுத்தால் சட்டமும் படமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் இருக்கும். பளிச்சென்ற தங்க நிறம் திரையில் மின்னும். தாளில் அது கடுகு நிறமாகத்தான் இறங்கும், ஏனெனில் படக்கடை இயந்திரத்தில் உலோக மை கிடையாது.

இனி துளை. செவ்வகத் தேர்வுக் கருவியை எடுத்துத் தோராயமாக ஒரு கட்டம் இழுத்துவிட்டு, கருவியின் விருப்பப் பலகையில் இடம் 150, 150 என்றும், அளவு 1200, 1800 என்றும் எண்களாகவே தட்டிவிடுங்கள். பலரும் இந்தக் கட்டத்தில் 'டிலீட்' விசையை அழுத்திவிடுவார்கள். அது தவறில்லை, ஆனால் நாளை துளையை வட்டமாக மாற்ற விரும்பினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, அடுக்கின் மேல் வலச்சொடுக்கு செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' என்பதை எடுத்து, 'செலக்‌ஷன்' என்பதைத் தேர்ந்து, கீழே உள்ள 'இன்வர்ட் மாஸ்க்' பெட்டியையும் குறியிடுங்கள். மாஸ்க் என்பது அடுக்கின் மேல் போட்ட மறைப்பு. அது நிறத்தை அழிப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது. மறைப்பில் கறுப்பு இருக்கும் இடம் துளையாகும், வெள்ளை இருக்கும் இடம் தெரியும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி வரையலாம்.

துளையின் விளிம்புக்கு ஒரு மெல்லிய கோடு இருந்தால் படம் எடுப்பாக நிற்கும். புதிய அடுக்கு ஒன்றில் 142, 142 என்ற இடத்தில் 1216க்கு 1816 அளவில் தேர்வு செய்து இளம் நிறத்தால் நிரப்பி, பிறகு முன்பு சொன்ன 150, 150, 1200, 1800 தேர்வைச் செய்து அழித்தால், 8 பிக்சல் தடிப்பில் கோடு மட்டும் மிஞ்சும். இங்கே அழிப்பதில் தயக்கம் வேண்டாம், கோட்டை மறுபடி வரைய அரை நிமிடம் போதும்.

இலையைக் கொண்டு வருதல்

எதை அலங்காரமாக வைப்பது என்று கேட்டால், வாசலுக்கு வெளியே பாருங்கள் என்பேன். மாவிலை, வாழை, புள்ளிக்கோலம், மல்லிகைச் சரம் எல்லாம் நல்லவைதான். தோட்டத்துப் படத்துக்கு ரப்பர் இலையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஒரே காம்பில் மூன்று இலைகள் விரிந்து தொங்கும் அந்த உருவத்தை இங்கே வளர்ந்த எவரும் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார்கள். அதன் கொட்டையைத் தரையில் தேய்த்துப் பக்கத்திலிருப்பவன் கையில் சூடு வைக்காத தோட்டத்துப் பிள்ளையும் உண்டா?

இலையை ஓர் இரவு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கி, வெள்ளைத் தாளில் கிடத்தி ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாதவர்கள் கைப்பேசியால் எடுக்கலாம், ஆனால் நேர் வெயிலில் வேண்டாம். இலையின் நிழல் தாளில் விழுந்தால் பிரித்தெடுப்பது கடினம். ஐந்தடி வராந்தாவின் நிழல் இதற்குப் போதுமான வெளிச்சம்.

படத்தைக் கிம்ப்பில் திறந்ததும் 'கலர்ஸ்' பட்டியலில் 'திரெஷோல்டு' என்பதைத் திறந்து, இலை முழுக் கறுப்பாகவும் தாள் முழு வெள்ளையாகவும் பிரியும் வரை முக்கோணத்தை நகர்த்துங்கள். பிறகு அதே பட்டியலில் உள்ள 'கலர் டு ஆல்ஃபா' என்பதால் வெள்ளையை நீக்கினால் இலையின் கறுப்பு உருவம் மட்டும் நிற்கும். நரம்புகள் போய்விட்டனவே என்று வருந்த வேண்டாம். கரையில் இந்த இலை 75 பிக்சல் உயரத்தில்தான் வரப்போகிறது, அதாவது தாளில் ஆறு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்த அளவில் நரம்புகள் அழுக்குபோல் தெரியுமே தவிர நரம்பாகத் தெரியா. முக்கியமான ஒன்று: கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கும் வேலையைப் பெரிய அளவிலேயே முடித்துவிட்டுப் பிறகு சிறிதாக்குங்கள். சிறிதாக்கிய பிறகு பிரித்தால் ஓரங்கள் எலி கொறித்ததுபோல் ஆகிவிடும்.

150 பிக்சல் துண்டு

இந்த வேலையின் உயிர்நாடி இந்தச் சின்னத் துண்டுதான், ஆகவே இங்கே நிதானமாகச் செய்யுங்கள். 150க்கு 150 அளவில் புதிய கோப்பு ஒன்றை, பின்னணி வெற்றிடமாகத் திறக்கவும். அதன் மேல் விளிம்பு தாளின் வெளிப்பக்கம், கீழ் விளிம்பு படத்தின் பக்கம் என்று மனத்தில் கொள்ளுங்கள். மேலிருந்து முதல் 60 பிக்சலை வெறுமையாக விட்டுவிட வேண்டும். அது ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்.

அந்த வெறுமை ஏன் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு திருமணத்துக்காக, தாளின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே மெல்லிய கோடு ஓடும் சட்டம் ஒன்றைச் செய்து அச்சுக்குக் கொடுத்தேன். வந்த அறுபது பிரதிகளில் இடப்பக்கம் கோடே இல்லை, வலப்பக்கம் தடித்து நின்றது. அச்சிட்டவரிடம் சண்டைக்குப் போகத் தோன்றியது; நின்று யோசித்தபோது பிழை என்னுடையது என்று விளங்கிற்று. விளிம்பு வரை மை படியும்படி அச்சிடும் இயந்திரம் படத்தைத் தாளைவிடச் சற்றே பெரிதாக்கி, மிஞ்சியதை ஓரங்களில் வெட்டிவிடும். அந்த வெட்டு நான்கு பக்கமும் சரிசமமாக விழும் என்று எவரும் உறுதி தர முடியாது. பிறகு அதை மரச் சட்டத்தில் மாட்டினால், மரத்தின் உதடு இன்னும் சில மில்லிமீட்டரை விழுங்கும். வெளி விளிம்பில் வெறும் நிறம் மட்டும் இருந்தால், வெட்டு எங்கே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

60க்குக் கீழே 135 வரை இலையின் இடம். காம்பு மேலே, நுனி கீழே படத்தை நோக்கித் தொங்கட்டும். துண்டின் நடுவில் வைத்துவிட்டு, இலைகளை இணைக்க ஒரு கொடி வரையுங்கள். கொடி துண்டின் இடது ஓரத்தில் எந்த உயரத்தில் நுழைகிறதோ, வலது ஓரத்தில் அதே உயரத்தில் வெளியேற வேண்டும். நான் 70ஆம் பிக்சலை வைத்துக்கொள்கிறேன். உயரம் மட்டும் பொருந்தினால் போதாது. இரண்டு ஓரங்களிலும் கொடி சற்றுத் தூரம் படுக்கையாக ஓட வேண்டும், இல்லையேல் துண்டுகள் சேரும் இடத்தில் முழங்கை மடிந்ததுபோல் ஒரு கோணம் தெரியும். பொருத்தத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கிவிட்டு, 'லேயர்' பட்டியலில் 'டிரான்ஸ்ஃபார்ம்' என்பதன் உள்ளே 'ஆஃப்செட்' என்பதைத் திறந்து, கிடைத்திசையில் 75 கொடுத்து, 'ரேப் அரவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். துண்டு பாதியாக வெட்டப்பட்டு இடம் மாறும். ஓரங்கள் இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும். அங்கே பிசிறு தெரிந்தால் தூரிகையால் சரிசெய்து, மறுபடி 75 நகர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள்.

கரையை நிரப்புதல்

துண்டு முழுவதையும் தேர்ந்து நகலெடுத்தவுடன், கிம்ப் அதைத் தானாகவே 'பேட்டர்ன்ஸ்' பலகையின் முதல் இடத்தில் வைத்துக்கொள்கிறது. சட்டத்தின் கோப்புக்குத் திரும்பி, கோப்பின் அளவிலேயே 'கரை' என்று ஒரு புதிய அடுக்கைச் சேர்த்து, 150, 0 என்ற இடத்தில் 1200க்கு 150 தேர்வு செய்யுங்கள். வண்ணம் ஊற்றும் 'பக்கெட் ஃபில்' கருவியின் விருப்பங்களில் 'பேட்டர்ன் ஃபில்', 'ஃபில் ஹோல் செலக்‌ஷன்' இரண்டையும் தேர்ந்து ஒரு சொடுக்கு. எட்டு இலைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கும்போது, இவ்வளவு நேரம் போட்ட கணக்கு வீண்போகவில்லை என்று தோன்றும்.

இடக்கரைக்குத் துண்டை இடஞ்சுழியாக 90 பாகை திருப்பி மறுபடி நகலெடுத்து, 0, 150 என்ற இடத்தில் 150க்கு 1800 தேர்வில் ஊற்ற வேண்டும். வலக்கரைக்கு வலஞ்சுழியாகத் திருப்பிய துண்டு, இடம் 1350, 150. கீழ்க்கரைக்குத் தலைகீழாக்கிய துண்டு, இடம் 150, 1950. நுனிகள் நான்கு பக்கமும் படத்தை நோக்கியே இருக்கும். மாவிலைத் தோரணமாக இருந்தால் இப்படிச் செய்யக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும்: தோரணம் மேலிருந்து மட்டுமே தொங்கும், கீழ்க்கரையில் அது வானத்தைப் பார்த்து நின்றால் எவருக்கும் உறுத்தும். அந்தச் சட்டங்களுக்கு மேலே தோரணம், பக்கங்களில் வாழை, கீழே கோலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கோலம் வரைய விரும்புவோருக்கு ஒரு குறுக்குவழி: 'விண்டோஸ்' பட்டியலின் 'டாக்கபிள் டயலாக்ஸ்' உள்ளே 'சிமெட்ரி பெயிண்டிங்' என்ற பலகை இருக்கிறது. அதில் 'மிரர்' என்பதை இரு திசைக்கும் இயக்கிவிட்டால், ஒரு மூலையில் இழுக்கும் கோடு மற்ற மூன்று மூலைகளிலும் கூடவே விழும்.

மூலைகளும், கண்ணாடி செய்யும் மோசமும்

நான்கு மூலைச் சதுரங்களும் இன்னும் காலியாக இருக்கும். மேல் இடது மூலையில், வலது ஓரத்தின் 70ஆம் பிக்சலில் நுழையும் கொடி வளைந்து கீழ் ஓரத்தின் 70ஆம் பிக்சலில் இறங்க வேண்டும். வளைவின் உள்பக்கத்தில் ஒரு ரப்பர் கொட்டையின் உருவத்தை வைக்கிறேன். இந்த ஒரு மூலையைத் தனி அடுக்காகச் செய்து, நகலெடுத்துப் பக்கவாட்டில் புரட்டினால் மேல் வலது மூலை. இரண்டையும் நகலெடுத்து மேல்கீழாகப் புரட்டினால் மற்ற இரண்டும் கிடைக்கும்.

புரட்டுவது மலிவான வித்தை, அதனால்தான் அதில் ஏமாந்துபோகிறோம். நிழல் சேர்த்த பொருளைப் புரட்டினால் நிழலும் புரளும். இடப்பக்கக் கொட்டைக்கு ஒளி இடமிருந்தும் வலப்பக்கக் கொட்டைக்கு ஒளி வலமிருந்தும் வருவதாகத் தோன்றும். ஆகவே நிழலே இல்லாத தட்டை உருவத்தைப் புரட்டி, எல்லாவற்றையும் இடத்தில் வைத்து ஒன்றாக்கிய பிறகுதான் நிழல் சேர்க்க வேண்டும்.

நிழலைவிட நுட்பமான ஒரு தவறும் உண்டு. தொடக்கக் காலத்தில் ஆசைப்பட்டு, இரண்டு ரப்பர் மரங்கள் தூண்களாக நிற்கும் சட்டம் ஒன்றைச் செய்தேன். மிச்சமிருக்கும் ஒரு சிறு தோட்டத்துக்குப் போய், சீவிய வரியும் பால் வடியும் மங்கும் (கிண்ணமும்) தெரியும்படி ஒரு மரத்தைப் படமெடுத்து, அதை இடத்தூணாக வைத்து, புரட்டிய நகலை வலத்தூணாக நிறுத்தினேன். திரையைப் பார்த்த அம்மா, கண்ணாடியைக் கூடப் போடாமல், "இந்த மரத்த யாருடா இடக்கையால வெட்டுனது?" என்றார். முப்பது வருடம் பால்மரம் சீவியவர். மரத்தை எதிர்கொண்டு நிற்பவருக்கு வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகத்தான் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், அந்தத் திசையில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் வெட்டுப்பட்டுப் பால் கூடுதலாக வரும். என் வலத்தூண் பால் குறைவாகச் சுரக்கும் மரம்! மறுநாள் போய் இன்னொரு மரத்தைப் படமெடுத்து வந்தேன்.

எனவே புரட்டும் முன் ஒரு நொடி நில்லுங்கள். இலை, பூ, கொட்டை, கோலம் ஆகியவற்றைத் தாராளமாகப் புரட்டலாம். எழுத்து, கடிகாரம், வெட்டு விழுந்த மரம், சேலை கட்டிய பெண்ணின் உருவம் ஆகியவற்றைப் புரட்டக்கூடாது. முந்தானை வலத்தோளுக்குப் போய்விட்டால் பாட்டிமார் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

நிழல்

சட்டம் படத்துக்கு மேலே சற்று உயர்ந்து நிற்பதுபோல் காட்ட ஒரே ஒரு மெல்லிய நிழல் போதும். 'அடி' அடுக்கை நகலெடுத்து, நகலின் மாஸ்க்கை 'அப்ளை லேயர் மாஸ்க்' என்பதால் நிலைப்படுத்தி, 'லாக் ஆல்ஃபா' பூட்டைப் போட்டுக் கறுப்பால் நிரப்புங்கள். நிரப்பியதும் பூட்டைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்த கட்டளை எதுவும் செய்யாததுபோல் இருக்கும். பிறகு 'காசியன் பிளர்' 12 அளவில் கொடுத்து, அடுக்கை வலப்பக்கம் 8, கீழ்ப்பக்கம் 8 பிக்சல் நகர்த்தி, 'அடி'க்குக் கீழே இறக்கி, அடுக்கின் 'ஒபாசிட்டி'யை (ஒளிபுகாத் தன்மையை) 45 விழுக்காடாகக் குறையுங்கள். துளையின் மேல் விளிம்பிலும் இட விளிம்பிலும் நிழல் விழும்.

'ஃபில்டர்ஸ்' பட்டியலின் 'டெக்கர்' பகுதியில் 'ஆட் பார்டர்' என்ற ஆயத்தக் கட்டளையும் உள்ளது. அது நான்கு பக்கத்துக்கும் வெவ்வேறு ஒளி கொடுத்து மேடுபோல் காட்டும். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் அது படத்தின் அளவைச் சுற்றிலும் பெரிதாக்குவதால் நம் 5ஆர் கணக்கு கெட்டுவிடும்.

பெயர் எழுதுதல்

கீழ்க்கரையில் எட்டுத் துண்டுகள் இருப்பதால் நடுவில் உள்ள நான்கை எடுத்துவிட்டால் இரு பக்கமும் இரண்டிரண்டு இலைகள் மிஞ்சும். 450ஆம் பிக்சலிலிருந்து 1050 வரை கிடைக்கும் அந்த இடம் தாத்தாவின் பெயருக்கும் தோட்டத்தின் பெயருக்கும் போதும். எழுத்தின் உயரம் 50 பிக்சலைத் தாண்ட வேண்டாம். 'கி', 'கீ' போன்றவற்றின் கொக்கிகள் மேலேயும் 'கு', 'ரு' போன்றவற்றின் கால்கள் கீழேயும் நீளும் என்பதை மறந்து அளவு கொடுத்தால் உள்கோட்டில் போய் இடிக்கும்.

கிம்ப்பில் யூனிகோடு தமிழ் சிக்கலின்றி வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகிய இலவச எழுத்துருக்கள் அச்சில் தெளிவாக இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்குமானால், பத்தி விருப்பங்களில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய எழுத்துருக்களில் தட்டிவைத்த பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டினால் பொருளற்ற குறிகள்தான் வரும். புதிதாகத் தட்டிவிடுவது விரைவான வழி.

சேமிப்பும் அச்சும்

கோப்பை முதலில் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப். வடிவில் சேமியுங்கள், அடுக்குகள், மாஸ்க், கோடுகள் எல்லாம் அதில்தான் உயிரோடு இருக்கும். பிறகு படம் எதுவும் வைக்காத வெறும் சட்டத்தை 'எக்ஸ்போர்ட் ஆஸ்' மூலம் பி.என்.ஜி. வடிவில் எடுத்து வையுங்கள். ஜேபெக் வடிவம் வெற்றிடத்தை அறியாது, துளையை வெள்ளையால் அடைத்துவிடும்.

படத்தை வைக்க, 'ஃபைல்' பட்டியலில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' என்பதால் படத்தைக் கொண்டு வந்து, அடுக்குகளில் எல்லாவற்றுக்கும் கீழே இறக்குங்கள். அளவு மாற்றும்போது அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையில் இருக்கும் சங்கிலி இணைந்திருக்க வேண்டும், இல்லையேல் தாத்தா குட்டையாகிவிடுவார். 4ஆரைவிடச் சிறிய பழைய படமாக இருந்தால் 600 அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் மூன்றுக்கு நான்கு விகிதத்தில் இருப்பதால் பக்கவாட்டில் சிறிது துளைக்கு வெளியே போகும். ஓரத்தில் நிற்பவரின் தோள் மறையாதபடி நகர்த்திப் பாருங்கள். படத்தைத் துளையின் விளிம்போடு நிறுத்தாமல் எல்லாப் பக்கமும் நாலைந்து பிக்சல் சட்டத்துக்கு அடியில் நுழைத்து வைத்தால் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்காது.

முடிந்ததை 95 தரத்தில் ஜேபெக்காக எடுத்து, தம்ப்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். கைப்பேசிச் செயலிகள் வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பினால் அவை படத்தைச் சுருக்கிவிடும், கணக்கிட்ட பிக்சல்கள் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும். கடையில் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இயந்திரத்தின் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், ஏனெனில் அது அகலமான பழுப்புக் கரையைப் பார்த்துப் படமே இருட்டு என்று எண்ணி முகங்களை வெளுக்க வைத்துவிடும், முதலில் ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். அந்தப் பிரதியைக் குழல்விளக்கின் கீழ் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இடக்கரையையும் வலக்கரையையும் அடிக்கோலால் அளந்து, வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் மீதிப் பிரதிகளுக்குச் சொல்லிவிடலாம்.